அயல் ஈரல் பழகும் வழி

சிறுநீரகம் செயலிழந்து மாற்று உறுப்புக்குக் காத்திருப்பவருக்கு முதலில் பார்க்கப்படுவது பொருத்தம். ரத்த வகை சேர வேண்டும். எச்.எல்.ஏ. எனப்படும் அடையாளப் புரதங்கள் கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று கணக்கிட வேண்டும். கொடுப்பவரின் வெள்ளையணுக்களைப் பெறுபவரின் ரத்தநீரில் விட்டு, அவை தாக்கப்படுகின்றனவா என்று கிராஸ்மேட்ச் சோதனை செய்ய வேண்டும். கல்லீரலுக்கு வரும்போது இந்தப் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடுகிறது. ரத்த வகையும் ஈரலின் அளவும் சேர்ந்தால் பெரும்பாலும் போதும். எச்.எல்.ஏ. பொருத்தம் பார்த்து ஈரலை ஒதுக்கும் வழக்கம் உலகில் எங்கும் ஏறத்தாழ இல்லை. முற்றிலும் பொருந்தாத ஒருவரின் ஈரல்கூட இன்னொருவர் வயிற்றில் இருபது, முப்பது ஆண்டுகள் உழைக்கிறது.

இதை மருத்துவர்கள் அன்றாட நடைமுறையாக ஏற்றுக்கொண்டு வெகுகாலம் ஆகிறது. ஏன் அப்படி என்ற கேள்விதான் இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஈரலை உடல் அயலானாக உணரவில்லை என்று ஒரு விளக்கம் தோன்றலாம். அது சரியல்ல. உடல் உணர்கிறது, படை திரட்டுகிறது, ஈரலுக்குள் புகுந்து மோதவும் செய்கிறது. அந்த மோதல் பல நேரங்களில் நிராகரிப்பாக முடியாமல் சகிப்பாக முடிவதுதான் விந்தை. சகிப்புக்கும் நிராகரிப்புக்கும் வெவ்வேறு செல்கள் பொறுப்பு என்று நெடுநாள் தேடினார்கள். கிடைத்த சான்றுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது வேறு. இரண்டு நாடகங்களிலும் நடிகர்கள் பெரும்பாலும் அதே செல்கள்தான். அவை எந்த இடத்தில் சந்திக்கின்றன, எத்தனை பேராகச் சந்திக்கின்றன, எவ்வளவு காலம் சேர்ந்திருக்கின்றன என்பதில்தான் கதை பிரிகிறது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தீக்காயம்பட்டவர்களுக்குப் பிறர் தோலை ஒட்டிப் பார்த்தபோது, முதல்முறை ஒட்டிய தோல் சில நாட்கள் தங்கியது. அதே ஆளிடமிருந்து இரண்டாம் முறை எடுத்து ஒட்டியது அதைவிட வேகமாக உதிர்ந்தது. உடல் நினைவு வைத்துக்கொண்டு தாக்குகிறது என்பதைப் பீட்டர் மெடாவர் இதிலிருந்து காட்டினார். 1953-ல் அவரும் பில்லிங்ஹாமும் பிரென்ட்டும், பிறப்பதற்கு முன்பே அயல் செல்களை ஏற்ற சுண்டெலிக்குஞ்சு, வளர்ந்த பிறகு அந்த அயலானின் தோலை எதிர்ப்பின்றி ஏற்பதைக் கண்டார்கள். சகிப்பைக் கற்றுக்கொடுக்க முடியும் என்பதற்கு அது முதல் சான்று. ஆனால் கற்கும் வயது கருப்பையோடு முடிந்துவிடுகிறது என்றுதான் அன்று பலரும் எண்ணினார்கள்.

1969-ல் கேம்பிரிட்ஜில் ராய் கால்ன் செய்த சோதனை அந்த எண்ணத்தை அசைத்தது. உறவற்ற பன்றிகளுக்கு இடையே ஈரலை மாற்றினார். எதிர்ப்பை அடக்கும் மருந்து எதுவும் கொடுக்கவில்லை. சிறுநீரகமோ தோலோ இப்படி மாற்றப்பட்டால் ஓரிரு வாரங்களில் அழுகிவிடும். ஈரல் பெற்ற பன்றிகளில் பல மாதக்கணக்கில் வாழ்ந்தன. அதைவிட வியப்பு அடுத்தது. அந்தப் பன்றிகளுக்கு, ஈரல் கொடுத்த அதே பன்றியின் தோலையும் சிறுநீரகத்தையும் வைத்தபோது அவையும் வழக்கத்தைவிட நெடுநாள் தங்கின. மூன்றாவது பன்றியின் தோலை வைத்தால் வழக்கம்போல் தள்ளிவிட்டன. ஆக, எதிர்ப்பாற்றல் மங்கிப்போகவில்லை. குறிப்பிட்ட ஓர் அயலானை மட்டும் தெரிந்து, அவனுக்கு மட்டும் வழிவிட்டிருக்கிறது. ஈரல் தன்னைக் காத்துக்கொண்டதோடு நிற்காமல், தன் வீட்டிலிருந்து வந்த மற்ற உறுப்புகளுக்கும் சிபாரிசு செய்திருக்கிறது. பின்னர் எலிகளிலும், 1994-ல் பிட்ஸ்பர்க்கில் சுண்டெலிகளிலும் இதே நிகழ்வு உறுதியானது. சுண்டெலிகளில் ஏறத்தாழ எந்த இரு மரபினங்களை எடுத்தாலும் ஈரல் மருந்தின்றி நிலைத்தது.

மனிதர் அவ்வளவு எளிதாக வழிவிடவில்லை. 1963 மார்ச் 1 அன்று டென்வரில் தாமஸ் ஸ்டார்ஸல் முதன்முதலாக ஒரு மனிதக் குழந்தைக்கு ஈரல் மாற்ற முயன்றார். ரத்தப்போக்கு நிற்காமல் குழந்தை மேசையிலேயே இறந்தது. ஓராண்டைத் தாண்டிய முதல் பிழைப்பு 1967-ல் சிகிச்சை பெற்ற குழந்தையிடம்தான் வாய்த்தது. நார்வேயின் ஹார்டங்கர்விட்டா மேட்டுநிலத்து மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து எதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் வந்தது. ஜப்பானின் ட்சுகுபா மண்ணில் கிடைத்த பாக்டீரியாவிலிருந்து டாக்ரோலிமஸ் வந்தது. அதன் பிறகே ஈரல் மாற்று நம்பத்தக்க சிகிச்சை ஆயிற்று. இன்று ஈரல் பெற்றவர்களில் பெரும்பாலோர் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விழுங்குவது இந்த டாக்ரோலிமஸைத்தான். ஆகவே மனித ஈரலின் சகிப்பு, மருந்தின் நிழலில் ஒளிந்திருக்கும் ஒன்று. அதை வெளியே கொண்டுவந்து பார்ப்பதற்கு முன் ஈரலின் உள்ளமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஈரலுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் ரத்தம் போகிறது. அதில் கால்பங்குதான் தமனி வழியாக இதயத்திலிருந்து நேராக வருவது. முக்கால்பங்கு குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் போர்ட்டல் சிரை சுமந்துவருவது. நாம் தின்ற சோற்றின் சத்து, மீனின் புரதம், குடல் பாக்டீரியாக்களின் உடைசல், மருந்து, நஞ்சு எல்லாம் அந்த ரத்தத்தில் இருக்கும். இவற்றில் எதுவுமே நம் உடலுக்குச் சொந்தமானதில்லை. ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் எதிர்ப்புப் படை கிளம்பினால் ஈரல் ஒரு மாதம் தாங்காது. எனவே அயலானைப் பார்த்தும் பதறாமல் இருப்பது ஈரலின் தொழில்முறைத் தேவை. 1967-லேயே கேன்டர், ட்யூமான்ட் என்ற இருவர் நாய்களில் இதைச் சோதித்தார்கள். வாய்வழி கொடுத்த ஒரு ரசாயனத்துக்கு ஒவ்வாமை ஏற்படாமல் இருந்தது; போர்ட்டல் ரத்தம் ஈரலைச் சுற்றிக்கொண்டு போகும்படி திருப்பிவிட்டதும் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது.

ஈரலின் நுண்குழாய்களுக்குச் சைனுசாய்டு என்று பெயர். உடலின் பெரும்பாலான நுண்நாளங்களில் ரத்தத்துக்கும் திசுவுக்கும் நடுவே உறுதியான சுவர் உண்டு. இங்கே சுவரில் ஜன்னல் ஜன்னலாகத் துளைகள். அடியில் தாங்கும் படலமும் இல்லை. ரத்தம் மெதுவாக ஊர்கிறது. மிதந்துவரும் டி செல், அதாவது அயலானை அடையாளம் கண்டு தாக்கும் வெள்ளையணு ஒன்று, துளை வழியாகக் கையை நீட்டி, மறுபுறம் இருக்கும் ஈரல் செல்லைத் தொட்டுப் பேச முடியும். சுவரில் உட்கார்ந்திருப்பவை குப்ஃபர் செல்கள். உடலின் திசுக்களில் நிலையாகக் குடியிருக்கும் விழுங்கணுக்களில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் இவைதான். சுவரைக் கட்டிய உட்படலச் செல்களே விழுங்கவும், விழுங்கியதை டி செல்களுக்குக் காட்டவும் தெரிந்தவை. இவற்றோடு இயற்கைக் கொல்லி செல்கள், அயலானைப் பிடித்து டி செல்களுக்குக் காட்டும் டென்ட்ரைட்டிக் செல்கள், டி செல்கள் எனச் சுமார் ஆயிரம் கோடி நோயெதிர்ப்புச் செல்கள் ஒரு முழு ஈரலில் வாழ்கின்றன. ஈரலை மாற்றும்போது ஓர் உறுப்பை மட்டும் மாற்றுவதாகச் சொல்கிறோம். உண்மையில் ஒரு நோயெதிர்ப்புப் படையையே ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் குடிபெயர்க்கிறோம்.

இந்தப் பொறுமைக்கு ஒரு விலையும் உண்டு. ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்கள் ஈரலில் ஆண்டுக்கணக்கில் தங்கிச் சிரோசிஸ்வரை கொண்டுபோவதற்கு, ஈரல் எதிர்ப்பைத் தணிக்கும் இடமாக இருப்பதும் ஒரு காரணம். மாற்று ஈரலைக் காக்கும் அதே குணம்தான் பலருக்கு மாற்று ஈரல் தேவைப்படும் நிலையையும் உண்டாக்கியிருக்கிறது.

இனி மோதலைப் பார்க்கலாம். ஒரு வைரஸின் குறிப்பிட்ட துணுக்கை அடையாளம் காணும் டி செல்கள் நம்மிடம் லட்சத்தில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். அயல் எச்.எல்.ஏ.வை அடையாளம் காண்பவையோ நூறில் ஒன்றிலிருந்து பத்துவரை இருக்கலாம். அத்தனை பெரிய படை முதல் நாளே தயாராக நிற்கிறது. அது அயலானை மூன்று வழிகளில் உணர்கிறது. கொடையாளியின் டென்ட்ரைட்டிக் செல்லை நேருக்கு நேர் கண்டு உணர்வது ஒன்று. நம் செல்களே அயல் புரதத்தை விழுங்கித் துண்டாக்கிக் காட்ட, அதைக் கண்டு உணர்வது இரண்டு. மூன்றாவது வழி சில ஆண்டுகளாகத்தான் தெளிவாகியிருக்கிறது. கொடையாளியின் செல்கள் உதிர்க்கும் நுண்குமிழிகளைப் பெறுநரின் டென்ட்ரைட்டிக் செல்கள் எடுத்து, அயல் எச்.எல்.ஏ.வை அப்படியே தம் மேல் போர்த்திக்கொள்கின்றன. இரவல் உடுப்பு அணிந்த இந்தச் செல்கள் எதிர்ப்பைத் தூண்டவும் செய்யும். ஈரலில் பல நேரம் பி.டி.-எல்1 என்ற தணிப்புப் புரதத்தையும் ஏந்தி நின்று எதிர்ப்பை ஆற்றவும் செய்யும்.

நிராகரிப்பு வெல்லும்போது அதன் தடயம் பயாப்சியில் மூன்று இடங்களில் தெரியும். போர்ட்டல் பகுதிகளில் அழற்சிச் செல்கள் கூட்டமாக அடைந்திருக்கும். பித்தநாளச் சுவர் அரிக்கப்பட்டிருக்கும். சிரைகளின் உட்படலத்துக்கு அடியில் வெள்ளையணுக்கள் புகுந்து அதைத் தூக்கியிருக்கும். ஈரல் செல்களைவிடப் பித்தநாளங்களுக்கே அடி அதிகம். ஈரல் செல் இழந்ததை வளர்த்துக்கொள்ளும். பித்தநாளத்துக்கு அந்த வளம் குறைவு, அதற்கு ரத்தம் தருவதும் தமனி ஒன்றுதான். இன்றைய மருந்துகளுக்கு நடுவிலும் பத்தில் ஒருவரிலிருந்து மூவர்வரை முதல் மாதங்களில் இப்படியொரு நிராகரிப்பைச் சந்திக்கிறார்கள். பெரும்பாலும் சில நாட்கள் ஸ்டீராய்டு கொடுத்தால் அடங்கிவிடும். நாள்பட்ட நிராகரிப்பு வேறு. பித்தநாளங்கள் ஒவ்வொன்றாக மறைந்து, கடைசியில் உடல் மஞ்சளாகி ஈரலே தோற்கும். அது இப்போது நூறில் ஐந்து பேருக்கும் குறைவாகவே வருகிறது. ஆன்டிபாடிகளால் வரும் தாக்குதலை ஈரல் சிறுநீரகத்தைவிட நன்றாகத் தாங்குகிறது. குப்ஃபர் செல்கள் அவற்றைத் துடைத்தெடுக்கின்றன. ஈரல் ரத்தத்தில் கரைத்துவிடும் எச்.எல்.ஏ. மூலக்கூறுகள் அவற்றை வழியிலேயே பிடித்துக்கொள்கின்றன. ஒரே கொடையாளியின் ஈரலையும் சிறுநீரகத்தையும் சேர்த்து வைத்தால் ஈரலின் பக்கத்துணையில் சிறுநீரகமும் ஓரளவு தப்புவதை அறுவை மருத்துவர்கள் பலமுறை கண்டிருக்கிறார்கள்.

இந்தத் துறையில் நான் மீண்டும் மீண்டும் திரும்பிப் பார்ப்பது 1990களில் சிட்னியில் அலெக்ஸ் பிஷப், ஜெஃப்ரி மெக்காஹன் குழுவினர் செய்த எலிச் சோதனைகள். ஈரலோடு வரும் கொடையாளியின் வெள்ளையணுக்களுக்குப் பயணி செல்கள் என்று பெயர். இவைதான் பெறுநரின் டி செல்களை உசுப்பிவிடுகின்றன என்பது அன்றைய பாடம். அப்படியென்றால் அவற்றை அழித்துவிட்டு ஈரலை வைத்தால் இன்னும் அமைதியாக ஏற்கப்பட வேண்டும். கொடையாளி எலிக்குக் கதிர்வீச்சு கொடுத்து அந்தச் செல்களை அழித்தார்கள். விளைவு தலைகீழாக இருந்தது. மருந்தே இல்லாமல் ஏற்கப்பட்டிருக்க வேண்டிய ஈரல் நிராகரிக்கப்பட்டது. கொடையாளியின் வெள்ளையணுக்களைத் தனியே ஊசி வழியே திருப்பிக் கொடுத்ததும் சகிப்பு மீண்டு வந்தது.

அடுத்து, ஏற்கும் எலிகளையும் நிராகரிக்கும் எலிகளையும் முதல் சில நாட்களில் ஒப்பிட்டார்கள். ஏற்கப்போகும் எலியில்தான் கிளர்ச்சி அதிகம். பயணி செல்கள் ஈரலைவிட்டு மண்ணீரலுக்கும் நிணநீர் முடிச்சுகளுக்கும் வெள்ளமாகப் பாய்ந்திருந்தன. அங்கே இன்டர்லூக்கின்-2, காமா இன்டர்ஃபெரான் போன்ற போர்க்கூவல் வேதிகள் முதல் நாளிலேயே உச்சத்தில் இருந்தன. பெறுநரின் டி செல்கள் ஒரேயடியாகக் கிளர்ந்து, பெருகி, களைத்து, செத்துக்கொண்டிருந்தன. நிராகரிக்கும் எலியில் ஆரம்பம் அடக்கமாக இருந்து, பிறகு ஈரலுக்குள் மெல்ல மெல்லக் கூர்மையாயிற்று. இதைவிடத் தெளிவான சான்று ஒன்று உண்டு. ஏற்க வேண்டிய எலிக்கு, மாற்று நடந்த கையோடு ஸ்டீராய்டு கொடுத்து அந்த முதல் கிளர்ச்சியை அடக்கினார்கள். சாக வேண்டிய டி செல்கள் பிழைத்தன, சகிப்பு கெட்டது.

இந்த முடிவை முதலில் படித்தபோது ஏற்பட்ட அதிர்ச்சி இன்னும் என்னிடம் இருக்கிறது. மனித நோயாளிக்கு அறுவை மேசையிலேயே நாம் கொடுப்பது ஸ்டீராய்டைத்தான். கொடுக்காமல் இருக்கவும் முடியாது. மனிதரிடம் அந்தத் துணிச்சலுக்கு உரிமையில்லை. ஆயினும் காப்பாற்றக் கொடுக்கும் மருந்தே, உடல் தானாகப் பழகிக்கொள்ளும் பாதையின் முதல் படியை மறைத்துவிடக்கூடும் என்ற எண்ணத்தை ஒதுக்கவும் முடியவில்லை. நிராகரிப்பு குறித்த மனிதத் தரவுகள் இதில் நேரான பதில் தருவதில்லை. தொடக்க நாட்களில் வந்து அடங்கிய லேசான நிராகரிப்பு ஈரலின் ஆயுளைக் குறைக்கவில்லை என்று 1990களின் அமெரிக்கத் தரவுகள் காட்டின. பிந்தைய பெரிய தரவுகள் அத்தனை நிம்மதி தரவில்லை. தாமதமாக வரும் நிராகரிப்பு கெடுதல் என்பதில் மட்டும் யாருக்கும் ஐயமில்லை.

களைத்த டி செல்கள் எங்கே போகின்றன? சிட்னியிலேயே பாட்ரிக் பெர்டோலினோவின் குழு 2011-ல் ஒரு விடையை வெளியிட்டது. கன்னி நிலையில் இருக்கும் சி.டி.8 டி செல், நிணநீர் முடிச்சில் முறையான பயிற்சி பெறாமல் நேரே ஈரலுக்கு வந்து கிளர்ந்தால், ஈரல் செல் அதை அப்படியே உள்ளே இழுத்துச் செரித்துவிடுகிறது. கொல்ல வந்த அணுவை, கொல்லப்பட வேண்டிய செல்லே சில மணி நேரத்தில் விழுங்கிவிடுகிறது. அதே டி செல் நிணநீர் முடிச்சில் முதலில் கிளர்ந்துவிட்டு ஈரலுக்கு வந்தால் ஈரலைக் காயப்படுத்தும் ஆற்றலோடு வருகிறது. முதல் சந்திப்பு எந்த ஊரில் என்பதே கதையைத் தீர்மானிக்கிறது. தப்பி நிற்கும் டி செல்களுக்கு உட்படலச் செல்களும் ஈரல் செல்களும் பி.டி.-எல்1-ஐக் காட்டி அவற்றின் வேகத்தைக் குறைக்கின்றன. இந்தப் புரதம் இல்லாத சுண்டெலியின் ஈரலை மாற்றினால், வழக்கமாக ஏற்கப்படும் அது நிராகரிக்கப்படுகிறது. புற்றுநோய்க்காக, இந்தப் புரதம் செயல்படும் பி.டி.-1 தடத்தை அடைக்கும் மருந்துகளை ஈரல் மாற்றுப் பெற்றவர்களுக்குக் கொடுக்க மருத்துவர்கள் தயங்குவதும் இதனால்தான். அப்படிக் கொடுத்தவர்களில் சிலருக்குக் கடும் நிராகரிப்பு வந்திருக்கிறது.

படை கலைந்த பிறகு அமைதியைக் காப்பதற்கென்று ஒரு கூட்டம் வேண்டும். அவை ஒழுங்குபடுத்தும் டி செல்கள். 1995-ல் ஷிமோன் சகாகுச்சி இவற்றை அடையாளம் கண்டபோது நம்பியவர் குறைவு. இவற்றை ஆளும் ஃபாக்ஸ்பி3 என்ற மரபணுவைக் கண்டறிந்த மேரி பிரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் ஆகியோரோடு அவருக்கு 2025-ல் நோபல் பரிசு கிடைத்தது. சுண்டெலி ஈரல் மாற்றில் இந்தச் செல்களை முன்கூட்டியே நீக்கிவிட்டால் தானாக வரும் சகிப்பு வராது. முதல் வாரங்களின் சகிப்பு டி செல்களின் சாவால் வருகிறது என்றால், நெடுநாள் சகிப்பு இந்தக் காவலர்களால் நிலைக்கிறது என்று சொல்லலாம். ஒரு சிக்கல் இங்கேயும் உண்டு. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் உயிர்வாழ இன்டர்லூக்கின்-2 வேண்டும். டாக்ரோலிமஸ் அடக்குவது அந்த இன்டர்லூக்கின்-2 உற்பத்தியைத்தான்.

இதற்கிடையே குடிபெயர்ந்த படை என்ன ஆகிறது? 1960களின் இறுதியிலேயே ஸ்டார்ஸலின் குழு, ஆண் ஈரல் பெற்ற பெண்களின் ஈரலில் இருந்த விழுங்கணுக்கள் காலப்போக்கில் பெண் செல்களாக மாறியிருந்ததைக் கண்டது. ஈரல் செல்கள் கொடையாளியுடையவை, குப்ஃபர் செல்கள் பெறுநருடையவை. 1992-ல் ஸ்டார்ஸல் தன் பழைய நோயாளிகளைத் தேடி அழைத்தார். சிலருக்கு மாற்று நடந்து இருபது ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருந்தது. அவர்கள் தோலிலும் நிணநீர் முடிச்சிலும் கொடையாளியின் வெள்ளையணுக்கள் அப்போதும் சிதறலாக வாழ்ந்துகொண்டிருந்தன. இரு படைகளும் ஒன்றை ஒன்று தாக்கி, ஒன்றை ஒன்று தளரவைத்து, பிறகு கலந்து வாழ்வதே ஏற்பு என்று அவர் வாதிட்டார். அந்தக் கலப்பு சகிப்புக்குக் காரணமா அல்லது விளைவா என்று இன்றும் வாதம் நடக்கிறது. எனக்கு இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் என்றே படுகிறது. லண்டனில் 2020-ல் வெளியான ஆய்வில், மாற்றி வைத்த ஈரலுக்குள் கொடையாளியின் நினைவு டி செல்கள் பத்தாண்டுக்குப் பின்னும் உயிரோடு இருந்தது தெரியவந்தது.

கலப்பு எல்லை மீறினால் என்னாகும் என்பதற்கும் இரு கோடிகள் உண்டு. நூறில் ஓரிருவருக்குக் கொடையாளியின் டி செல்கள் பெருகி, பெறுநரின் தோலையும் குடலையும் எலும்பு மஜ்ஜையையும் தாக்குகின்றன. அவர்களில் பலர் பிழைப்பதில்லை. மறு கோடியில் ஆஸ்திரேலியச் சிறுமி ஒருத்தியின் கதை 2008-ல் மருத்துவ இதழில் வந்தது. ஈரல் மாற்றி ஒன்பது மாதத்தில் அவளது ரத்த வகையே கொடையாளியுடையதாக மாறியிருந்தது. ஈரலோடு வந்த குருத்தணுக்கள் அவள் மஜ்ஜையில் குடியேறிவிட்டன. மருந்துகளை நிறுத்தினார்கள், ஈரல் அசையவில்லை.

அவளுக்கு வாய்த்தது அபூர்வம். சாதாரண நோயாளிக்கு மருந்தை நிறுத்த முடியுமா என்பதுதான் நடைமுறைக் கேள்வி. அந்தக் கேள்வியின் அவசரம் புரிய ஒரு கணக்கு போதும்: அமெரிக்காவில் ஈரல் மாற்றுப் பெற்றவர்களில் 18 சதவீதத்தினர் ஐந்தே ஆண்டுகளில் நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்புக்கு ஆளானதை 2003-ல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. அதில் மருந்துக்குப் பெரும் பங்கு உண்டு. சர்க்கரை நோய், கை நடுக்கம், தொற்று, தோல் புற்று, நிணநீர்ப் புற்று என்று மற்றவையும் வரிசையில் நிற்கின்றன. ரத்தத்தில் மருந்தளவு ஏறிவிடும் என்பதால் பம்ப்ளிமாஸ் பழம்கூட விலக்கு. ஈரலைக் காக்கச் சிறுநீரகத்தை அடகு வைக்கும் நிலை பலருக்கு.

கியோட்டோவில் பெற்றோரின் ஈரல்துண்டைப் பெற்ற 63 குழந்தைகளுக்கு மருந்தைக் குறைத்துப் பார்த்ததில் 24 பேர் முழுதாக விட முடிந்ததென 2001-ல் அறிவித்தார்கள். அமெரிக்காவில் 2012-ல் வந்த சிறிய ஆய்வில் 20 குழந்தைகளில் 12 பேர். பிறகு நடந்த பெரிய ஆய்வில் 88 பேரில் 33 பேர். பெரியவர்களிடம் எண்கள் காலத்தைப் பொறுத்துப் பிரிகின்றன. மாற்று நடந்து ஓரிரு ஆண்டுகளிலேயே விட முயன்ற அமெரிக்க ஆய்வில் 77 பேரில் 10 பேருக்குத்தான் முடிந்தது. பார்சிலோனா தலைமையில் ஐரோப்பிய மையங்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், மூன்றாண்டுக்கு மேல் நிலையாக இருந்தவர்கள் பங்கேற்றார்கள். 98 பேரில் 41 பேர் மருந்தின்றி நின்றார்கள். பத்தரை ஆண்டைத் தாண்டியவர்களைத் தனியே எடுத்தால் ஐந்தில் நால்வர். அந்த ஆய்வை நான் நம்பிக்கையோடு படிப்பதற்குக் காரணம் இந்த ஒரு வரிதான். சகிப்பு சிலருக்கு மட்டும் பிறவியில் வாய்த்த பாக்கியமாக இருந்தால் காலம் அதைக் கூட்டாது. இங்கே காலம் கூட்டுகிறது. உடல் பழகிக்கொண்டிருக்கிறது.

சகித்தவர்களின் ரத்தத்தில் இயற்கைக் கொல்லி செல்கள், காமா-டெல்டா டி செல்கள் சார்ந்த மரபணுக்கள் கூடுதலாக இயங்குவதும், அவர்கள் ஈரலில் இரும்பைக் கையாளும் மரபணுக்கள் வேறாக இருப்பதும் தெரிந்தன. அதைக் கொண்டு யாருக்கு மருந்தை விடலாம் என்று முன்கூட்டிச் சொல்லிவிடலாம் என்று எதிர்பார்த்தார்கள். பெரிய சோதனையில் அந்தக் கணிப்பு கைகொடுக்கவில்லை. அதனால் இன்றைக்கும் மருந்தை நிறுத்துவது ஆய்வு மையத்தின் நேரடிக் கண்காணிப்பில் மட்டுமே செய்யத்தக்கது. இதைப் படித்துவிட்டு யாரும் தம் வேளை மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது. ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது என்பதும் முழு ஆறுதல் இல்லை. கியோட்டோவில் மருந்தை விட்ட குழந்தைகளுக்குப் பின்னாளில் பயாப்சி எடுத்தபோது, வெளியே எந்த அறிகுறியும் இல்லாமலே ஈரலுக்குள் நார்க்கட்டு படர்ந்திருந்தது சிலரிடம் தெரிந்தது. மருந்தை மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது.

காலம் செய்வதைக் கையால் செய்ய முடியுமா என்று முயன்றவர்களில் சப்போரோவின் சடோரு டோடோ குழு முக்கியமானது. உயிரோடு இருக்கும் உறவினரின் ஈரல்துண்டைப் பெற்ற பத்துப் பேரை எடுத்துக்கொண்டார்கள். பெறுநரின் வெள்ளையணுக்களைக் கொடையாளியின் செல்களோடு, தூண்டுதல் சமிக்ஞையை மட்டும் அடைத்துவிட்டு, இரண்டு வாரம் சேர்த்து வளர்த்தார்கள். ஒழுங்குபடுத்தும் செல்கள் மிகுந்த அந்தக் கலவையை மாற்று நடந்த பதின்மூன்றாம் நாள் ஏற்றினார்கள். ஆறு மாதத்திலிருந்து மருந்தைக் குறைத்துவந்து, பத்தில் ஏழு பேர் முழுதாக விட்டார்கள். 2016-ல் இது வெளியானது. முடியாத மூவருக்கும் ஆதி நோயே தன் உடலைத் தானே தாக்கும் வகை. சொந்த ஈரலையே சகிக்கத் தவறிய உடல் அயல் ஈரலைச் சகிக்கத் தயங்குவதில் வியப்பில்லை. பிட்ஸ்பர்க்கில் கொடையாளியின் ரத்தத்திலிருந்து தணிக்கும் டென்ட்ரைட்டிக் செல்களை வளர்த்து, மாற்றுக்கு ஒரு வாரம் முன்பே ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். லண்டனில், கொடையாளியின் எச்.எல்.ஏ.-ஏ2 புரதத்தைத் தேடிப் போகும்படி மாற்றியமைத்த ஒழுங்குபடுத்தும் டி செல்கள் சோதனைக்கு வந்திருக்கின்றன.

இவற்றில் முதல் இரண்டு முறைகளுக்கும் தேவையானது ஒன்று: கொடையாளி யார் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். மூளைச்சாவு அடைந்தவரின் ஈரல் நள்ளிரவில் அழைப்பு வந்து, பத்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் வைக்கப்பட வேண்டியது. அங்கே செல் வளர்க்க நேரம் கிடையாது. இந்தியாவில் நடக்கும் ஈரல் மாற்றுகளில் பெரும்பங்கு உயிருள்ள உறவினர் கொடுப்பது. 1998-ல் டெல்லியில் நடந்த நாட்டின் முதல் வெற்றிகரமான குழந்தை ஈரல் மாற்றே, தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு குழந்தைக்குத் தந்தை தன் ஈரல்துண்டைக் கொடுத்து நடந்ததுதான். சென்னையின் மாற்று மையங்களிலும் தாயோ தந்தையோ கணவரோ மனைவியோ பரிசோதனைக்கு வந்து, அனுமதிக் குழுவின் முன் உட்கார்ந்து, தேதி வாங்கிக்கொண்டு போகிறார்கள். செல்களைப் பழக்க சப்போரோவில் எடுத்துக்கொண்டது இரண்டு வாரம். அந்த இரண்டு வாரமும், அதற்கு ரத்தம் தர ஆயத்தமாக இருக்கும் ஒரு கொடையாளியும் இங்கே ஒவ்வொரு குடும்பத்திடமும் இருக்கிறார்கள். இப்போதைக்கு அந்த நாட்கள் ஸ்கேன்களிலும் கையெழுத்துகளிலும் பணம் புரட்டுவதிலும் கழிகின்றன.